கழுத்தம்மாவின் கூடு

எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது திருவிழாக் குழுவின் வாட்ஸ்அப்பில் பெயர்ப் பட்டியல் வந்தது. கூடு தூக்கும் எட்டுப் பெண்களின் பட்டியல். பெயர் கேட்ட அன்றே முதல் ஆளாக என் பெயரைக் கொடுத்திருந்தேன். பட்டியலில் அது இல்லை. கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: "கூடு சுமப்பவர்கள் குடும்பப் பெண்களாக இருத்தல் வேண்டும்."

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளும் நானும் நோபல் பார்க் புறநகரில் ஒரு சின்ன யூனிற் வீட்டில் இருக்கிறோம். சமைக்கிறோம், சண்டை பிடிக்கிறோம், ஒரே கதவுக்கு ஆளுக்கொரு திறப்பு வைத்திருக்கிறோம். இது குடும்பம் இல்லையென்றால் வேறு எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சொல்ல வந்தது அதுவல்ல. புருஷனை விட்டு வந்தவள் கூட்டைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். அதை நேராக எழுதத் தைரியம் இல்லை.

கூடு என்பது புனிதரின் சொரூபத்தை வைத்துத் தோளில் சுமக்கும் மரக்கூடு. ஊரில் திருவிழாவுக்குத் திருவிழா தூக்குவோம். இங்கே பைன் பலகையில் ஒரு தச்சர் செய்து தந்தார். எங்கள் கோயிலில் அதில் ஏறுகிறவர் ஓர் ஆங்கிலோ-சாக்சன் ராணி. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேல் பழைய ஆள். ராணியாக இருந்து, பிறகு மடத்துத் தலைவியானவர். அவருடைய உண்மையான பெயரைச் சொல்லப்போனால் எங்கள் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். அதனால் சனம் அவரைக் கழுத்தம்மா என்றுதான் சொல்லும்.

அந்தச் சொரூபத்தை முந்தைய காலத்து வெள்ளைக்காரச் சனம் வைத்துவிட்டுப் போயிருந்தது. பக்கத்து மாடத்தில் தூசி படிந்து நின்றது. கறுப்பு உடுப்பு, ஒரு கையில் செங்கோல் மாதிரி ஒரு தடி, மறு கையில் புத்தகம், காலடியில் கழற்றி வைத்த கிரீடம். கழுத்து, தொண்டை நோய்க்கு வேண்டிக்கொள்ளும் புனிதர் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கிழமையே எங்கள் ஆட்களில் ஒருவரின் பிள்ளைக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கியது. தாய் வேண்டிக்கொண்டார். முள் இறங்கிவிட்டது. எங்கள் சனத்துக்கு வேறு என்ன வேண்டும்? அடுத்த தமிழ்ப் பூசைக்கு அந்தத் தாய் ஒரு தங்கச் சங்கிலியைக் கொண்டுவந்து கழுத்தம்மாவின் கழுத்தில் போட்டார். பிறகு ஒவ்வொருவராக. இப்போது திருவிழா நாட்களில் அவருடைய கழுத்துத் தெரியாது. நகைக்கடை மாதிரி நிற்பார்.

நானும் போட்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

போன வருடம் என் கழுத்தில் கழலை வந்தது. தைரொயிட். எடுக்க வேண்டும் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் போனாலும் போகலாம் என்று வைத்தியர் சொன்னார். எனக்கு இருப்பது இந்தக் குரல் ஒன்றுதான். சமாளிக்கிற குணம் கிடையாது, அழகாகக் கதைக்கத் தெரியாது, ஆனால் சத்தமாகச் சொல்லுவேன். அதுவும் போனால் என்னை ஏறி மிதித்துவிடுவார்கள்.

அப்போது நான் புருஷனைப் பிரிந்து இரண்டு வருடம். அவர் சிட்னிக்குப் போய்விட்டார். ஆனாலும் தாலிக்கொடியைக் கழற்றவில்லை. சனத்தின் வாய்க்குப் பயந்து போட்டிருந்தேன், வேறு காரணம் இல்லை. ஆஸ்பத்திரியில் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். எப்படியும் கழற்ற வேண்டும். கழற்றினேன். ஒப்பரேஷனுக்கு முந்தின ஞாயிறு கோயிலுக்குப் போய்க் கழுத்தம்மாவுக்குப் போட்டேன். "குரல் போனால் திருப்பித் தாரும், அடுத்த திருவிழாவில் உம்முடைய கூட்டை என் தோளில் சுமக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டேன்.

கழலையை வெட்டி எடுத்த பிறகு மூன்று மாதம் வாயில் காற்றுத்தான் வந்தது. பிறகு குரல் வந்தது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் தடித்த குரல். போதும். கொடுத்தவர் கொடுத்துவிட்டார். இனி நான் சுமக்க வேண்டும். குழு வேண்டாம் என்றால் நேர்த்திக்கடன் இல்லாமல் போய்விடுமா?

குழுத் தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"தங்கச்சி, அது குழுவின்ர முடிவு," என்றார். "நீர்தானே இந்தமுறை புனிதையின்ர வரலாறு வாசிக்கிறீர். அது பெரிய மரியாதையெல்லே. அதோடை நிப்பாட்டுமன்."

அதுவும் உண்மை. வரலாறு வாசிக்கும் வேலையை இரண்டு மாதம் முன்பே என்னிடம் தந்திருந்தார்கள். மைக் வேலை செய்யாவிட்டாலும் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் என் குரல் கேட்கும் என்பதால். ஆங்கிலத்தில் இருந்ததை எடுத்துத் தமிழில் எழுத வேண்டும். அதுவரைக்கும் எங்களில் ஒருவருக்கும் அவர் யார் என்று தெரியாது. முள் எடுத்தவர், அவ்வளவுதான்.

வேலை முடிந்து வந்து குசினி மேசையில் இருந்து எழுதினேன். மகள் கணினியில் அடித்துத் தந்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"மம், ஷீ லெஃப்ற் ஹிம்? த கிங்?"

"ஓம்."

"குட் ஃபோர் ஹெர்."

அவர் ஒரு சின்ன ராச்சியத்து ராசாவின் மகள். முதல் புருஷன் கட்டிய கொஞ்சக் காலத்தில் செத்துப்போனான். பிறகு வடக்கே ஓர் இளவரசனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் பிறகு ராசாவானான். பன்னிரண்டு வருடம் அவனோடு இருந்தார், ஆனால் மனைவியாக இருக்கவில்லை. என்னை விடு, நான் மடத்துக்குப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ராசா ஓம் என்றான். பிறகு மனம் மாறி, ஆட்களோடு துரத்தினான் என்று கதை இருக்கிறது. அவர் ஒரு கடற்பாறையில் ஏறி நிற்க, ஏழு நாள் தண்ணீர் வற்றாமல் சுற்றி நின்று காப்பாற்றியதாம். நான் கடற்கரைக்காரி. ஏழு நாள் வற்றாத கடல் கிடையாது. ஆனால் துரத்தியது உண்மையாக இருக்கும். ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகு துரத்துகிறவர்களை எனக்குத் தெரியும்.

என்னிடம் சனம் கேட்ட முதல் கேள்வி, "அடிச்சவரோ?" என்பதுதான். இல்லை, அடிக்கவில்லை. இல்லை என்றதும் முகம் மாறும். அடிக்காவிட்டால் போகக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்த ராசாவும் அடித்ததாக எங்கும் எழுதியில்லை.

அவர் சதுப்பு நிலத்துக்கு நடுவே, விலாங்கு மீன் நிறைந்த ஒரு தீவில் மடம் கட்டினார். ஆண்களும் பெண்களும் இருந்த மடம், தலைவி அவர். கம்பளித் துணிதான் உடுத்துவார். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவார். சுடுதண்ணீரில் குளிப்பது பெரிய திருநாட்களுக்கு முன்பு மட்டும். அதுவும் மடத்துப் பெண்கள் எல்லோரையும் தன் கையால் குளிப்பாட்டி முடித்துவிட்டுக் கடைசி ஆளாக.

இந்த இடத்தில் நான் பேனையை வைத்துவிட்டேன். என் வேலை முதியோர் இல்லத்தில். காலையில் ஆறு பேரைக் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீர்ச் சூட்டைக் கை மணிக்கட்டில் பார்த்து, முதலில் காலை நனைத்து, பிறகுதான் மேலே போவேன். தலையில் நேரே ஊற்றினால் பயந்துவிடுவார்கள். எங்கள் சனம் என் வேலைக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒரு ராணி அதைத்தான் செய்தார். கூலி இல்லாமல் செய்தார்.

அடுத்த பக்கத்தில்தான் என் தலையில் இடி விழுந்தது.

மடத்தில் ஏழாம் வருடம் அவருக்குத் தாடைக்குக் கீழே, கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வைத்தியர் அதைக் கீறினார். இரண்டு நாள் சுகம் மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் செத்துப்போனார். நோவில் கிடக்கும்போது அவர் சொன்னதாக எழுதியிருக்கிறது: இளம் வயதில் வீணாகக் கழுத்து நிறையச் சங்கிலி சுமந்தேன், அதற்குப் பதில் இப்போது கட்டியைச் சுமக்கிறேன், நல்லதுதான் என்று.

சங்கிலி சுமந்ததை நினைத்து வருந்திச் செத்த பெண்ணின் கழுத்தில்தான் நாங்கள் சங்கிலி போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் தாலிக்கொடியையே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன். மற்றவர்களாவது சும்மா நகை போட்டார்கள். நான், புருஷனை விட்டு வந்த பெண்ணின் கழுத்தில் இன்னொரு புருஷனின் கொடியைக் கட்டிவிட்டு, எனக்கு நல்லது செய் என்று கேட்டிருக்கிறேன்.

பதினாறு வருடம் கழித்து, அவருக்குப் பின் தலைவியாக வந்த சகோதரி, உடலைக் கோயிலுக்குள் மாற்ற மண்ணைத் தோண்டினாள். உடல் அழியாமல் இருந்ததாம். அன்று கீறிய அதே வைத்தியர் வந்து பார்த்தார். திறந்து கிடந்த வெட்டு மூடி, மெல்லிய தழும்புதான் இருந்தது என்றார். வாசிக்கும்போது என் கை தானாக என் கழுத்துக்குப் போனது. பிறகு பல நூறு வருடம் சனம் அவரிடம் யாத்திரை போனது. அவருடைய திருவிழாச் சந்தையில் என்ன விற்றார்கள் தெரியுமா? கழுத்தில் கட்டுகிற பட்டு நாடா. ஆக எங்கள் சனம் மட்டும் மோசமில்லை.

எழுதியதைக் குழுத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கதிரையில் இருந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையோடு வாசித்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் கழலை வெட்டிக் கிடந்தபோது முதல் ஆளாக மீன் சொதி கொண்டுவந்தவர் அவர். சொதியைக் கரண்டியால் பருக்கிக்கொண்டே, "புருஷன்ர வயித்தெரிச்சல் சும்மா விடுமே பிள்ளை, கழுத்திலை பிடிச்சிட்டுது," என்று சொன்னவரும் அவர்தான். எனக்கு அப்போது குரல் இல்லை. சொதியை விழுங்கினேன்.

"நல்லா எழுதியிருக்கிறீர் தங்கச்சி," என்றார் தலைவர். "ஆனா இந்த ரெண்டாம் பக்கம் தேவையில்லை."

"ஏன் அண்ணை?"

"புதுசாக் கலியாணம் கட்டினதுகள் எல்லாம் வந்திருக்குங்கள். விட்டிட்டுப் போனா, விட்டிட்டுப் போனா எண்டு ஏன் பத்துத்தரம்?"

"ரெண்டு தரம்தான் எழுதியிருக்கிறன்."

"ரெண்டும் கூட."

"அவ ராணி, போகலாம்," என்றார் அக்கா, தட்டத்தைப் பிடித்துக்கொண்டு. "எங்களைப் போலை சனம் போனா ஆர் சோறு போடுறது?"

"நான்தான் போடுறன் அக்கா. எனக்கும் மகளுக்கும்."

தலைவர் பேனையை மூடினார். "அவ துறவறத்துக்குப் போனவ. நீர் எதுக்குப் போனனீர்?"

"நிம்மதிக்கு."

அவர் பேனையைத் திரும்பத் திறந்து மூன்றாம் பக்கத்திலும் ஒரு கோடு இழுத்தார். "இந்தச் சங்கிலிக் கதையும் வேண்டாம். சனம் நேர்த்திக்குப் போடுறது. மனம் நொந்துபோகுங்கள்."

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்தப் பகுதி எனக்கும் பிடிக்கவில்லை. கழலை வருவது சங்கிலியாலும் இல்லை, சாபத்தாலும் இல்லை. அது சதை. வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிற சதை. ஒரு புனிதையே தன் கட்டியைத் தண்டனை என்று சொன்னதாக நான் வாசித்தால், முன் வரிசையில் இருக்கிற அக்கா என் கழுத்தைப் பார்த்து, பார்த்தாயா என்று தலையாட்டுவார். என் வாயாலேயே என்னை அடிக்கத் தடி எடுத்துக் கொடுத்தது மாதிரி.

வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது யோசித்தேன். தனக்குப் பிடிக்காததைத் தலைவர் வெட்டுகிறார். எனக்குப் பிடிக்காததை நான் வெட்டினால் மிஞ்சுவது என்ன? முள் எடுத்த கதை. அந்தப் பெண் செத்து இத்தனை காலம். அவர் சொன்னதைச் சரியோ பிழையோ சொல்லத்தான் வேண்டும். வாசித்தால் முழுக்க வாசிப்பது. கூட்டையும் தூக்குவது. இரண்டையும் விடுவதில்லை என்று முடிவு எடுத்தேன்.

பூசை வைக்க வரும் தமிழ்ப் பாதிரியாரான சுவாமிக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"கோயிலுக்குள்ளை என்ன வாசிக்கிறதெண்டு நான் சொல்லலாம். முழுசா வாசியுங்கோ," என்றார். "கூட்டை ஆர் தூக்கிறதெண்டு நான் வாய் திறந்தா, பிறகு ஒருத்தரும் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடமாட்டினம்."

பாதி கிடைத்தது. மீதிக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "யூ டோன்ற் நீட் தெயர் பெர்மிஷன், மம்," என்று மகள் சொன்னாள். அவளுக்கு அது சுகம். எட்டுப் பேர் தூக்குகிற கூட்டுக்குள் ஒன்பதாவது ஆளாகத் தள்ளிக்கொண்டு நுழைய முடியாது. தூக்குகிறவள் யாராவது இடம் விட வேண்டும்.

திருவிழா யூன் மாதத்தில், இங்கத்தைய குளிர்காலத்தில் வந்தது. கோயில் நிறைய ஆட்கள். குளிர் ஜக்கெற்றுக்கு மேல் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பெண்கள். கழுத்தம்மா கூட்டுக்குள் ஏறி, பூவும் சங்கிலியுமாக நின்றார். நான் வாசகமேடையில் ஏறி வாசித்தேன். புருஷனை விட்டுப் போன இடம் வந்தபோது தலைவர் கையைக் கட்டிக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. குளிப்பாட்டியதை வாசித்தேன். கட்டி வந்ததை வாசித்தேன். சங்கிலியைப் பற்றி அவர் சொன்னதை வாசித்தேன். என் தடித்த குரலில் அது இன்னும் மோசமாகக் கேட்டது. கோயில் முழுக்கச் சொரூபத்தின் கழுத்தைப் பார்த்தது. யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். நான் எதிர்பார்த்தபடியே அக்கா என் கழுத்தைப் பார்த்தார். தலையாட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

வாசித்து முடித்துத் தாளை மடித்தேன். எழுதாத இரண்டு வரியையும் சொன்னேன். "இது அவ தன்னைப் பற்றிச் சொன்னது. மற்றவையின்ர கழுத்தைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு இறங்கி, கூட்டுக்குப் போய், என் தாலிக்கொடியைத் தேடினேன். அந்தக் குவியலுக்குள் அதைப் பிரித்து எடுக்க நேரமானது, என் விரல் விறைத்திருந்தது. கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறாள் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் எடுத்துக்கொள்ளவில்லை. கழற்றி, அவருடைய காலடியில், கிரீடம் கிடக்கிற இடத்தில் வைத்தேன். வேறு யாரும் எழுந்து வந்து தங்கள் சங்கிலியைக் கழற்றவில்லை. வரவும் தேவையில்லை. அது அவரவர் நேர்த்தி.

சுற்றுப்பிரகார ஊர்வலம் வெளியே தொடங்கியது. எங்களுக்குத் தெரு கிடையாது, கோயிலின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றுவோம். பட்டியலில் இருந்த எட்டுப் பேரும் தோளில் துவாயை மடித்து வைத்துக் கூட்டைத் தூக்கினார்கள். பின் இடது மூலையில் அக்கா. நான் அவருக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில் நடந்தேன். போகச் சொன்னாலும் போயிருக்க மாட்டேன்.

குப்பைத் தொட்டிகள் நிற்கிற மூலையில், கார்களின் வேகத்தைக் குறைக்க ஒரு சீமெந்து மேடு போட்டிருக்கிறார்கள். முன்னால் நால்வர் ஏறி இறங்கிவிட்டார்கள். பின்னால் ஏறும்போது அக்காவின் முழங்கால் மடிந்தது. கூடு இடது பக்கம் சரிந்தது. காலடியில் கிடந்த கொடி பலகையில் சறுக்குகிற சத்தம் கேட்டது.

"எடியே, பாத்துக்கொண்டு நிக்கிறாய்! பிடி!" என்று அக்கா கத்தினார்.

"பட்டியல்லை என்ர பேர் இல்லை அக்கா."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் மூன்று கிழமையாக வாயில் இருந்தது, வந்துவிட்டது.

"பட்டியலைப் பிறகு பாப்பம். சொரூபம் விழப்போகுது, பிடியடி!"

அவர் குனிந்து வெளியே வர, நான் உள்ளே போய்த் தோளைக் கொடுத்தேன். கூடு நிமிர்ந்தது. தலைவர் மெழுகுதிரியோடு ஓடிவந்தார். "இல்லை, இல்லை, வேறை ஆரையும் கூப்பிடுங்கோ," என்றார்.

"உங்களுக்கே முழங்கால் நோகுது?" என்றார் அக்கா. "பேசாமல் திரியைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ."

அவர் போனார். அக்கா என் துவாய் இல்லாத தோளைப் பார்த்தார். தன் துவாயை எடுத்துப் பலகைக்கும் என் தோளுக்கும் இடையில் திணித்தார். அவருடைய கை என் கழுத்துத் தழும்பில் பட்டது. உடனே எடுத்துக்கொண்டார்.

"நீ செய்தது சரியெண்டு நான் சொல்லேல்லை," என்றார்.

"நான் கேக்கேல்லை அக்கா."

மிச்சத் தூரம் முழுக்கச் சுமந்தேன். கூடு நான் நினைத்ததைவிடப் பாரம். ஒரு மூலை தாழ்ந்தால் மற்ற மூன்று மூலைக்கும் தெரிகிறது. அதனால் எல்லோரும் ஒரே அடியில் நடக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் தூக்கியவள் என்னோடு இரண்டு வருடமாகக் கதைக்காதவள். "இடது, வலது" என்று மெல்லச் சொல்லித் தந்தாள். கதவடியில் இறக்கி வைத்தபோது என் தோளை யாரோ வெட்டி எடுத்தது மாதிரி இருந்தது. "பாரும், தந்துவிட்டேன்" என்று கழுத்தம்மாவிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். குரலுக்குத்தானே நேர்ந்தது.

பிறகு மண்டபத்தில் சாப்பாடு. அக்கா ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றபடி எல்லோருக்கும் சோறு போட்டார். முழங்காலைப் பற்றி நான் கேட்கவில்லை. என் தட்டில் மீன் இரண்டு துண்டு விழுந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல ஆறு பேரைக் குளிப்பாட்டினேன். இடது கையைத் தூக்க முடியவில்லை, வலது கையால் சமாளித்தேன்.

அடுத்த வருடப் பட்டியலுக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன். தலைவர் போன் எடுத்தார். "நேர்த்தி தீந்திட்டுதெல்லே தங்கச்சி, இனி ஏன்?" என்று கேட்டார்.

"தூக்கப் பழகிட்டன் அண்ணை," என்றேன்.